கடல்பக்கத்து எழுத்து

குறும்பனைக்கும் வாணியக்குடிக்கும் நடுவே எங்கள் கோயில்.
மேற்குச் சுவரின் வண்ணக் கண்ணாடியை
உள்பக்கம் வெளியாக மாட்டிவிட்டார்கள் என்று
அறுபது வருடம் கழித்து வந்து சொல்கிறார்
ரோமாபுரியில் படித்துத் திரும்பிய புதுச் சாமியார்.

எங்களுக்கு அது சிராம் அல்லெட்ஸ்.
இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்
புரண்டு கிடக்கும் எழுத்தைக் கூட்டிக் கண்டெடுத்த பெயர்.
மாதாவின் வீட்டுப்பெயர் என்றான் ஒருத்தன்.
கண்ணாடி செய்த கம்பெனி என்றாள் இன்னொருத்தி.
ஆன்றோசின் ஃபைபர் வள்ளத்தில்கூட அதுதான்,
மஞ்சள் பெயின்டில், டீசல் கறைக்கு மேல்.

ஸ்தெல்லா மாரிஸ், என்றார் சாமியார்.
கடலின் விண்மீன்.

கோயில் கழுவும் முறை இந்த மாதம்
எங்கள் அன்பியத்துக்கு.
சாரத்தில் ஏறி வெளியே நின்று துடைத்தேன்.
உள்ளே நீலமும் சிவப்புமாய்த் தரையில் ஒழுகுவது
இந்தப் பக்கம் கருவாட்டுத் தொலிபோல் கறுத்திருந்தது.
கண்ணுக்குப் பிடிபடாத எழுத்து
விரலுக்குத் தட்டுப்பட்டது,
இடமிருந்து வலமாக, ஒழுங்காக.

வர்ணம் தீட்டிய பக்கம் கடலைப் பார்த்திருக்கிறது.
அதனால்தான் மாதாவுக்கு முகம் இல்லை.
கண், மூக்கு, உதட்டின் கோடு,
எல்லாவற்றையும் உப்புக்காற்று நக்கித் தின்றிருக்கிறது.
மீன் மட்டும் பாக்கி. சாளையா வாளையா சொல்ல முடியாது,
எங்கள் வலையில் ஒருநாளும் படாத மீன்.
ராயப்பரின் படகில் ஒரு ஓட்டை.
வள்ளம் ஒட்டும் ரெசினால் யாரோ அடைத்திருக்கிறார்கள்.
மழைக்கு ஒழுகுவதில்லை.

திருப்பி மாட்டினால் மிச்சமாவது தங்கும் என்றார்
நாகர்கோவில் இன்ஜினியர்.
பங்குப்பேரவையில் கை தூக்கச் சொன்னார்கள்.

என் கொழுந்தன் எரோணிமூஸ் ஒருமுறை சொன்னான்:
ராத்திரி பூசைக்கு உள்ளே விளக்குப் போட்டால்
இருபது பாகம் வெள்ளத்தில் கிடந்தாலும் தெரியுமாம்.
படிக்கத் தெரியாது அவனுக்கு.
"என்ன எழுத்துன்னு தெரியாது மைனி,
எழுத்துன்னு தெரியும்."

புயலடித்த அன்று அவன் கடலில்.
ஆறு ராத்திரி கரண்ட் இல்லை.
கோயில் ஜெனரேட்டரை ஓட்ட யாருக்கும் தோன்றவில்லை.
எனக்கும்தான்.
ஆன்றோசின் கொட்டகையில்
நாலு கேன் டீசல் இருந்தது.

திருப்ப வேண்டும் என்று பதினொரு கை,
வேண்டாம் என்று ஏழு.
நான் எதற்கும் தூக்கவில்லை.
கையில் ஈரத்துணி இருந்ததென்று
பிறகு கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

நாளைக்குக் கழற்றுகிறார்கள்.
இன்று ஞாயிறு, ராத்திரி பூசை முடிந்து
ஒரு மணிநேரம் ஆகிறது.
கோயில்பிள்ளை சாவியோடு நிற்கிறார்,
கரண்ட் பில்லைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டு.

நிற்கட்டும்.
வெளியே இன்னும் நாற்பது வள்ளம் கிடக்கிறது.