பில்லி

வேப்பனப்பள்ளிக்கு மேற்கே இரண்டு கொட்டகை.
நாலாயிரத்து அறுபது கோழி,
பதினோரு மூட்டை தீவனம்.
முட்டையை எண்ணவில்லை, அட்டையோடு குழிக்குள்.
மேலே சுண்ணாம்பு.

கண்ணாடி வியர்த்து மங்கியிருந்த நேரம்
எல்லம்மா ஓடிவந்தாள்:
"பில்லிக்கு மூச்சு வாங்குது சார்."
முகமூடிக்குள் எனக்கு
புள்ளைக்கு என்று கேட்டது.
தெளிப்பானைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கட்டிலடியில்
பில்லி. தெலுங்கில் பூனை.
வழி எது என்று தெரியாமல்
சுவரையே முட்டிக்கொண்டிருந்தது.
அப்பாடா என்றேன்.
வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும்,
அவள் முகம் அப்படி ஆனது.

"செத்த கோழிய நான்தான் போட்டேன்.
எப்பவும் போடுறதுதானே."

கிருஷ்ணகிரிக்குப் போன் செய்தேன்.
ஊசி உண்டா, சளி எடுத்து அனுப்பவா,
இல்லை இதையும் குழியிலா?
கிட்டப் போகாதீங்க, இருங்க கேட்டுச் சொல்றேன் என்றார்கள்.
அப்புறம் காதில் ஏதோ வீணை.

படிவத்தில் கோழிக்குக் கட்டம் இருந்தது,
வாத்துக்கு, வான்கோழிக்குக்கூட.
ஓரத்தில் சின்னதாய் எழுதினேன்: பூனை, 1.
மை பரவிவிட்டது.

வீணை நிற்கவில்லை.
ரெண்டு கையுறை போட்ட கை
தடவினால் அதற்குத் தெரியுமா, தெரியாது.
குந்தி உட்கார்ந்து
தடவினேன்.