கூடை ஒன்று, எழுநூறு கிராம்

அறுப்பின் பண்டிகைக்குத்
தராசு என் பொறுப்பு.
மக்காச்சோளக் கிடங்கில் பத்தொன்பது வருஷம்
எடை போட்டவன் என்பதால்
சபையார் வேறு யாரையும் கேட்பதில்லை.
முள் நிற்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை என்பார்கள்.
உண்மைதான்.

இந்த ஆண்டு கூரை இல்லை.
மார்ச்சில் முலாஞ்சே மலையிலிருந்து இறங்கிய தண்ணீர்
சுவர்களையும் மணியையும்
பெஞ்சுகளையும் கொண்டுபோயிற்று.
சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம்.
ஆனாலும் இல்லாத வாசல் வழியாகத்தான் எல்லாரும் வந்தார்கள்.
சுவர் இருந்த இடத்தை ஒருவரும் தாண்டவில்லை.

துவரை, இரண்டு கிலோ நூறு.
நிலக்கடலை, ஒரு தகர டப்பா, தலை தட்டி.
வைட்சன் நமலோம்பா கால் கட்டிய கோழி கொண்டுவந்தார்.
நிறுக்க விடவில்லை அது.
‘கோழி ஒன்று’ என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.
என் பங்கு அரை மூட்டை மக்காச்சோளம்.
என் வயல் மேட்டில். எனக்கு ஒன்றும் போகவில்லை.
மூட்டையைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளினேன்.
ஏனோ அன்று அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பிறகு எனெலெசி மாக்வின்ஜா வந்தாள்.
“ஸிகோமோ” என்றாள்.
எங்கள் பக்கம் நன்றிக்கும் அதுதான் சொல்,
கொஞ்சம் வழி விடுங்கள் என்பதற்கும் அதுதான்.
நான் வழி விட்டேன்.
தராசில் ஒரு கூடையை வைத்தாள்.
மூங்கில் கூடை. உள்ளே ஒன்றுமில்லை.
அடிப்பின்னலில் காய்ந்த சேறு.
முள் சற்றே ஆடி எழுநூறில் நின்றது.

பழகிய வாய், கேட்டுவிட்டது:
“கூடையைக் கழித்துத்தான் எழுதணும். உள்ளே என்ன?”
கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவளுடைய வயல் இப்போது ஆறு.
அவளுடைய இரண்டாவது மகன் லெவிசன்
இன்னும் கிடைக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை.
“போன வருஷம் நல்ல விளைச்சல், ஞாபகமிருக்கா?
பண்டிகையன்று காய்ச்சலில் கிடந்தேன். வரவில்லை.
பாக்கி நிற்கிறது.”
கொஞ்சம் பொறுத்து,
“இந்த வருஷத்தைப் பற்றி
அவரோடு நான் இன்னும் பேசவில்லை.
பேசும்போது பேசுவேன்.
அதற்காகப் பழையதை வாங்கவே இல்லை என்று சொல்லலாமா?”

கணக்குத் தெரிந்தவன் நான்.
இதற்கு ஒரு பத்தி என் நோட்டில் இல்லை.

பாட்டு தொடங்கியது.
மணிக்குப் பதிலாக ஒரு சக்கர இரும்பைத் தட்டினார்கள்.
அவள் எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை.
எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நின்றாள்.
அது ஆராதனையா வழக்காடலா,
என்னால் சொல்ல முடியாது.
விசுவாசம் என்றால் உரத்த குரல் என்றே
அதுவரை இருந்தேன்.
கடுகளவு போதும், மலை பெயரும் என்று கேட்டிருக்கிறேன்.
மலை தானே பெயர்ந்து வந்து
வீட்டுக்குள் நின்றுவிட்டால்
கடுகு என்ன செய்யும் என்பதை
அன்றுதான் பார்த்தேன்:
பாக்கியைக் கட்ட வரும்.

பிரசங்கத்தின் நடுவில்
நமலோம்பாவின் கோழி தத்தித் தத்திப் போய்
அந்தக் காலிக் கூடையில் ஏறி உட்கார்ந்தது.
போதகர் சிதேம்பே அப்போதுதான்
யோபுவின் சாம்பலுக்கு வந்திருந்தார்.
கோழி ஊரைக் கூட்டியது.
முட்டை.
பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு போதகர்,
பிறகு, புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டு,
அவள்.
அந்தச் சிரிப்பு நீளவில்லை.
நீளாததை நான் கவனித்தேன்.

சாயங்காலம் எல்லாரும் போனபின்
என் அரை மூட்டையை வெளியே இழுத்து நிறுத்துப் பார்த்தேன்.
இருபத்து நாலு கிலோ.
யாரும் இல்லாத தரையில்
“ஸிகோமோ” என்றேன்.
எந்த அர்த்தத்தில் என்று கேட்காதீர்கள்.

நோட்டில் கடைசி வரி: முட்டை ஒன்று.
கொடுத்தவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி.
கோழி அவருடையது, கூடை அவளுடையது.
தணிக்கைக்கு வந்தவர்கள் இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள்.
இருக்கட்டும் என்றேன்.
முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.