அறுபது குதிரை, விற்பனைக்கு

வாருங்கள், ஆவுலிஸ். பார்த்து, பலகை வழுக்கும்,
கோர்போவில் நேற்றிரவே உறைபனி இறங்கிவிட்டது.
அதோ, மரச்சட்டத்தில் தொங்குகிறதே, அதுதான்.
அறுபது குதிரைத்திறன். அறுநூற்று நாற்பது மணி நேரம் ஓடியது.
வருடம் தவறாமல் எண்ணெய் மாற்றினோம்,
தேதிகள் மூடியின் உள்பக்கம் பென்சிலில் இருக்கின்றன.
இரண்டாயிரத்துப் பதினாறு மட்டும் இருக்காது.
அந்த வருடம் எங்களுக்கு வேறு வேலை இருந்தது.

நீங்கள் பல் மருத்துவர் என்று சொன்னார்கள்.
குனிந்ததுமே கண்டுபிடித்துவிட்டீர்கள்:
புரொப்பல்லரின் மூன்று இதழ்களில் ஒன்றில்
கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில்லு.
விரல் வைத்துத் தடவுகிறீர்கள்,
வலிக்கிறதா என்று கேட்கப்போவதுபோல.

பாறை.
இல்லை, வரைபடத்தில் அது இருந்தது.
அந்த நேரம் நாங்கள்தான் வரைபடத்தில் இல்லை.
சண்டையில் இருந்தோம்.
இந்த எஞ்சின் போதாது, நூற்றுப் பதினைந்து வேண்டும் என்று ஹெல்கெ.
அந்தப் பணத்தில் சமையலறைக்குக் கூரை என்று நான்.
"நூற்றுப் பதினைந்து இருந்திருந்தால் இந்நேரம் நாம்"
என்றான். வாக்கியம் முடியவில்லை.

ஜூன் முதல் வாரம். தண்ணீர் ஒன்பது டிகிரி.
மணிக்கு நாற்பது கிலோமீட்டர் ஒரு கல்லில் முட்டினால்
படகு நிற்கும், மனிதன் நிற்கமாட்டான்.
காபிக் குடுவையோடு நான் தரையில் உருண்டேன்.
எழுந்து பார்த்தால் ஸ்டியரிங் இருந்தது, ஹெல்கெ இல்லை.

சத்தமும் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.
அவன் தொடையில் மாட்டியிருந்த சிவப்புச் சுருள்கயிறு
கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு அவனோடு குதித்திருந்தது,
எஞ்சின் மூச்சடங்கிக் கிடந்தது.
குழந்தைக்குக் கட்டும் கயிறு என்று காலையில்தான் சிரித்தான்,
என் வாயை அடைக்கத்தான் மாட்டினான்.

கயிறு இல்லையென்றால், ஓட்ட ஆளில்லாத படகு
எங்கோ போய்த் தொலையும் என்று நினைப்பீர்கள்.
போகாது. சுற்றும். வட்டமடித்து
விழுந்தவனைத் தேடி அவனிடமே வரும்,
பாசமுள்ள நாய் மாதிரி,
நீங்கள் இப்போது தடவும் அந்த மூன்று இதழ்களோடு.

துடுப்பை எடுத்தேன். பன்னிரண்டு வலிப்பு.
எண்ணிக்கொண்டே போனேன், ஏனென்று தெரியாது.
லைஃப் ஜாக்கெட் ஊதிப் புடைத்து
மஞ்சள் தலையணைக்கு நடுவே ஒரு முகம்.
ஏணியை இறக்கினேன். அவன் கைக்குப் படி பிடிபடவில்லை,
விரல்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.
கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன்.
பற்கள் தந்தியடிக்க அவன் சொன்ன முதல் வார்த்தை:
"கூரையே போட்டுவிடலாம்."

போட்டோம்.

அப்புறம் ஏன் விற்கிறீர்கள் என்கிறீர்களா?
அந்த நாளுக்குப் பிறகு ஓட்டுவது நான்.
அவன் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பான்,
ஒவ்வொரு மிதவைக்கும் வாய்விட்டுப் பேர் சொல்லுவான்.
எப்படிச் சொல்ல, ஆவுலிஸ்,
எனக்கு வேகம் பிடித்துப்போனது.
நூற்றுப் பதினைந்து போன வாரம் வந்தது. நான் கேட்டு வாங்கியது.

சில்லுக்கு ஐம்பது யூரோ குறைக்கிறேன், அதற்கு மேல் கேட்காதீர்கள்.
அடித்தண்டை அப்போதே மாற்றினோம், ரசீது இருக்கிறது.
கயிறு புதிது, உறை பிரிக்காதது, சேர்த்தே தருகிறேன்.
பழைய சிவப்புக் கயிறு தரமாட்டேன்,
அதில் வீட்டுச் சாவி தொங்குகிறது.

நூற்றுப் பத்துக் கிலோ, நாம் இருவர் தூக்க முடியாது.
இருங்கள், ஹெல்கெயைக் கூப்பிடுகிறேன்.
வந்ததும் அந்தப் பாறையைப் பற்றிக் கேளுங்கள்.
வரைபடத்தில் அது இல்லவே இல்லை என்பான்.