பார்வைக்கோடு

வாசலில் நிற்பவர் கண்ணிலிருந்து
கோட்டை உச்சிக்கு ஒரு நூல் கட்டினால்
அது எதிலும் இடிக்கக் கூடாது.
அவ்வளவுதான் என் வேலை.
பிடித்தம் போக முப்பத்தொன்பதாயிரம்.

கோட்டை எழும்புவதற்கு ஏழு மாதம் முன்பு
கிருமாம்பாக்கத்தில், சவுக்கு வெட்டிய மேட்டில்,
கலியமூர்த்தி ஒரு சிவப்பு பலூனோடு நின்றான்.
தொண்ணூறு அடிக்கு நூல் விட்டோம்.
பதினோரு மணிக்குக் கடல்காற்று ஏறியதும்
வரப்போகிற கோட்டை
வில்லியனூர் பக்கம் சாய்ந்தது.
இழுத்துப் பிடி என்று கத்தினேன்.
"கோட்டையவா மேடம்?"

அப்போதுதான் பார்த்தேன்
பலூனுக்கு வலப்பக்கம் மூன்று விரல் தள்ளி
கொம்யூன் பஞ்சாயத்தின் தண்ணீர்த் தொட்டி.
நீலம் பாதி உதிர்ந்து,
பத்திரிகை வைக்காத கல்யாணத்தில்
முன்வரிசையில் உட்கார்ந்த சொந்தக்காரர் மாதிரி.

முதலாளி சவரிநாதன் சொன்னார்:
கனவுக்குப் பின்னால்
குளோரின் வாடை வரக் கூடாது.

நான் புதுச்சேரிக்காரி.
எங்கள் தெருக்களுக்கு ஒளிக்கத் தெரியாது.
பால் வாங்கத் திரும்பினாலே
தெருக்கோடியில் ஒரு முழம் கடல் நிற்கும்.
இங்கே பாதையை வளைத்தேன்.
டிக்கெட் கிழிக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது,
பத்தடி நடந்தால் கொடி மட்டும்,
திரும்பினால் மொத்தமும்.
தொட்டிக்கு மட்டும் ஒரு பொய்மதில்,
ஆறே கால் அடி, மேலே காகிதப்பூ.
மூன்றடிக் குழந்தையிலிருந்து
ஆறடி ஆள் வரைக்கும்
எல்லாக் கண்ணுக்கும் கணக்குப் போட்டாயிற்று.

திறப்பு நாளில்
நான் குறித்த இடத்தில் நின்றார்கள்,
நான் குறித்த இடத்தில் வாய் பிளந்தார்கள்.
செல்போன்கள் ஒரே கோணத்தில் உயர்ந்தன.
சவரிநாதன் என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு ஒருவர், பிள்ளையார்குப்பமாம்,
மகளைத் தூக்கித் தோளில் வைத்தார்.

தோள்.
என் வரைபடத்தில் தோள் இல்லை.

அவள் கோட்டையை ஒருதரம் பார்த்தாள்,
சோறு வெந்ததா என்று பார்க்கிற மாதிரி.
அப்புறம் மதிலுக்கு மேலே விரலை நீட்டி
வரிசை முழுக்கத் திரும்பும்படிக் கத்தினாள்:
"அப்பா, நம்ம டேங்கு!
அப்பா, நம்ம டேங்கு இங்கருந்தே தெரியுது!"

எல்லோரும் திரும்பினார்கள்.
அவர்களுக்குக் காகிதப்பூ தெரிந்தது.

மதிலை இரண்டடி உயர்த்தச் சொல்லி
அன்றிரவே மெயில்.
இன்னும் பதில் போடவில்லை.
பூங்கா மூடி, விளக்கெல்லாம் அணைத்த பின்
மதிலோரம் போய்க்
குதிகால் தூக்கி எக்கிப் பார்த்தேன்.
தெரியவில்லை.
முள்தான் கன்னத்தில் கீறியது.