சாந்துக்கு வழி

பகாவ். சனிக்கிழமை.
ஆலைச் சங்கு ஊதியதும்
மூன்று பேர் வருகிறார்கள்.

டைல் கடையில் உடைந்த பெட்டி
ஐந்து ரிங்கிட்.
லயத்துக் கழிவறைகளை இடித்தபோது
பொறுக்கிய நீலம் இலவசம்.

நான் முதலில் ஒட்டிய மயிலுக்குக்
கழுத்தே இல்லை.
கோழி என்றார் கோயில் தலைவர்,
கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்.
வகுப்பில் முதல் பாடம்
அந்தக் கோழிதான்.

"நெருக்காதீங்க,
சாந்துக்கு வழி விடுங்க."
சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.
லாரி ஓட்டும் குணாளன் கேட்கவில்லை.
செம்பனைக் குலை ஏற்றுகிற பழக்கம்,
இண்டு இடுக்கு விடாமல்
அடுக்கினான் மீனை.

மறுவாரம் வெயிலில் பார்த்தால்
முதுகு வெடித்து
நடுச்செதில் நாலு எழும்பி நிற்கிறது.

உளியோடு போனேன்.

"விடுங்க டீச்சர்,
துள்ளுது."