கணக்கில் வராத பன்னிரண்டு பேர்

பர்லிங்டன் மைதானத்தில் என் நாற்காலி
ஹாட்டாக் கடைக்கு நேர் மேலே.
எட்டு வருடமாக என் பேரேடுகளில்
வெங்காய வாசனை.

வெற்றி தோல்வியை நான் நம்புவதில்லை.
ஒன்பது இன்னிங்ஸ் வீசியவனை
ஷார்ட்ஸ்டாப்பின் கால்களுக்கிடையே ஓடிய ஒரு பந்து
தோற்றவன் ஆக்கிவிடும்.
ஆகவே ஒரு சூத்திரம் செய்தேன்:
எதிரே நின்றவர்களில் எத்தனை பேர்
ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பினார்கள்,
அதில் கழி, இனாமாக நடந்துபோனவர்களை;
இரண்டு பங்காகக் கழி,
வேலிக்கு வெளியே பந்தை அனுப்பியவர்களை.
மிஞ்சுவதை நூற்றுக்குச் சொல்.
நல்லவர்களுக்குப் பதினைந்து வரும்.
இருபத்தைந்தை நான் இருமுறைதான் எழுதியிருக்கிறேன்.

லீலண்ட் க்ரோவ்ஸ், இடக்கையன்,
குளிர்காலத்தில் சோள மில்லில் மூட்டை தூக்குபவன்,
என் ஏட்டில் பதினொன்று.

ஜூலை பத்து இரவு
மிசிசிப்பியிலிருந்து ஈசல்கள் கிளம்பி
விளக்குகளில் மோதி உதிர்ந்துகொண்டிருக்க,
பன்னிரண்டு பேர் வந்தார்கள்.
பதினொருவர் காற்றை வெட்டிவிட்டுப் போனார்கள்.
பன்னிரண்டாமவன் மட்டையைச் சும்மா நீட்டினான்.
பந்து அவன் காலடியில் செத்து விழுந்தது.
அதற்கே அவன் அணி எழுந்து கைதட்டியது.

தொண்ணூற்றொன்று புள்ளி ஏழு.
அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.
அதேதான்.

நாலாவதை முடித்த கையோடு மழை.
ஐந்து இன்னிங்ஸ் ஆகாத ஆட்டம்
ஆட்டமே அல்ல; விதி அப்படி.
ஹால்வர் டென்ஸ்மோர் என் தாளை வாங்கி
குறுக்கே ஒரு கோடு இழுத்தார்,
காபி ஆறுவதற்குள்.

கீழே கேட்சர் எஃப்ரெய்ன் ஒகாசியோ
இடக்கையை ஐஸ் வாளிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தான்.
எடுத்துக் காட்டினான்:
ஆள்காட்டி விரலின் அடி, கத்தரிக்காய் நிறத்தில்.
"இதையும் அழிக்கச் சொல்லுங்கள், மிஸ் வாண்டவீர்."

பிய்ந்த பந்திலிருந்து சிவப்பு நூலை உருவி
அந்த விரலை ஒரு சுற்றுச் சுற்றி
சரியாக அந்த அளவுக்குக் கத்தரித்தேன்.
எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.
ஜூலை பத்தில் வைத்து ஏட்டை மூடினேன்.

லீலண்ட் ஈரத் துண்டோடு வந்து
கேட்டது ஒன்றே ஒன்று:
கடைசியாகத் தொட்டானே, அவன் பேர் என்ன?
கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிந்தது.
சொன்னேன்.
வாய்க்குள் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு
பஸ்ஸில் ஏறினான்.

பருவ முடிவில் அவனுக்குப் பதினொன்று.
கூட்டல் சரிதான்,
சரிபார்த்துவிட்டேன்.