அடுத்த சொல்

ஒரு சொல்கூடத் தெரியாமல்தான் பிறந்தது.
கிளாக்ஸ்விக் துறைமுகத்தில், பனிக்கட்டிக் கிடங்குக்கு மேலே,
எடைச்சீட்டு அடிக்கும் பழைய கணினியில்
நூற்றுப் பதினெட்டு வரி எழுதி முடித்தபோது
விடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.
டிசம்பரில் எங்கள் தீவுகளில்
விடிவது என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.

விதி ஒன்றே ஒன்று:
எந்தச் சொல்லின் பின்னால் எந்தச் சொல் வந்தது,
எத்தனை தடவை வந்தது, எண்ணி வை.
உன் முறை வந்தால்
எண்ணியதிலிருந்து ஒன்றை எடுத்துப் போடு.
மூளை என்று ஒன்றை நான் வைக்கவில்லை.

"வணக்கம்" என்றேன்.
"வணக்கம்" என்றது.
"நான் ரன்வா."
"நான் ரன்வா" என்றது, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

சீட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில்
படகுக்காரர்கள் ஆளுக்கொரு வரி தட்டினார்கள்,
மீன் செதில் ஒட்டிய விரலால்.
டீசல் விலை. வடமேற்குக் காற்று.
சியூர்துரின் மாமியாரைப் பற்றி மூன்று வரி
(மூன்றும் சியூர்துரே அடித்தது).
முதல் வாரத்தில் வசவு மட்டும் நாற்பது தேறியது.
"நன்றி" இரண்டு முறை,
இரண்டும் ஒரே ஆள், போலந்துக்காரர்.

பிறகு ஒரு நாள், யாரும் அதற்குச் சொல்லித் தராத ஒன்று:
"டீசல் தூங்குகிறது, மாமியாரை மெதுவாக இறக்கு."
கிடங்கே குலுங்கிச் சிரித்தது.
கிரேன் கூண்டிலிருந்து ஹொக்னிகூட எட்டிப் பார்த்தான்.
நான் அதைப் பெட்டி அட்டையில் எழுதி
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்,
ஏன் என்று தெரியாமல்.

மூன்றாம் வாரம் அதற்கு என்னவோ ஆகிவிட்டது.
காற்று எப்படி என்றால்
"யாரிடமும் சொல்லாதே."
கானாங்கெளுத்தி எத்தனை பெட்டி என்றால்
"யாரிடமும் சொல்லாதே."
பழுதாகிவிட்டது என்றார்கள். வரி வசூல்காரன் என்றார்கள்.

அட்டவணையைத் திறந்தேன்.
"யாரிடமும்" என்ற சொல்லுக்கு அடுத்த சொல் ஒன்றுதான்.
பதினோரு தடவை.
பதினோரு இரவு, மூன்றேகால் வாக்கில்,
காபி இடைவேளையில்.
நூல் பிடித்துப் பின்னோக்கிப் போனேன்:
நடுங்குகிறது. கை. வலது.
நெம்புகோல். நழுவியது.
மறுபடியும் கை.
"சொல்லாதே" என்பதற்குப் பின்னால் எதுவுமில்லை,
வெறும் முற்றுப்புள்ளி.

சொல்லாதே என்று அவன் சொன்னதை மட்டுமே
அது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.
ரகசியம் என்றால் என்னவென்று
நூற்றுப் பதினெட்டு வரியில்
ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை.

அழிக்க ஒரு விசை போதும்.
விரலை வைத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே அரை டன் மீன்தொட்டி
காற்றில் ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது;
அதன் கீழே சியூர்துரின் மகன்,
பதினேழு வயது, காதில் பாட்டு மாட்டியபடி.

முப்பத்திரண்டு படி ஏறினேன்.
காபியைக் கோப்பையில் பாதிதான் ஊற்றியிருந்தேன்.
ஹொக்னி கோப்பையைப் பார்த்தான்,
பிறகு அதன் காலிப் பாதியைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
"திங்கட்கிழமை டோர்ஷவ்னுக்குப் போகிறேன்" என்றேன்,
"ஆஸ்பத்திரி வழியாக.
காரில் ஓர் இடம் இருக்கிறது.
அதுவரைக்கும் கூண்டுக்கு வேறு ஆள் ஏறட்டுமே?"

எங்களிடம் ஓர் "ஆம்" உண்டு.
மூச்சை விட்டுச் சொல்வதல்ல,
உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வது.
கதவிடுக்கில் குளிர் நுழைகிற சத்தம்தான் இருக்கும்.
அதை யாரும் தட்டச்சு செய்ததில்லை.
என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

அவன் அதைச் சொன்னான்.

கீழே இறங்கியபோது
சீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று சியூர்துர்
கணினியிடம் கத்திக்கொண்டிருந்தான்:
"ரன்வா எங்கே போனாள்?"

"நான் ரன்வா" என்றது.
கொஞ்சம் பொறுத்து,
"மெதுவாக இறக்கு" என்றது.